வெளுத்த விரிப்பு

எங்கள் வீட்டுக்கு யார் வந்தாலும் அண்ணியின் கண் முதலில் போவது அவர்கள் சட்டைக்குத்தான். முகத்தைப் பிறகு சாவகாசமாகப் பார்த்துக்கொள்வாள். "அது பேனா மை. ஸ்பிரிட் தொட்டு ஒத்தி எடுங்க, தேச்சிடாதீங்க" என்று, வந்தவர் உட்காருவதற்கு முன்பே ஆரம்பித்துவிடுவாள். ஒருமுறை மின்சார மீட்டர் பார்க்க வந்தவரை நிற்க வைத்து, அவர் காலர் அழுக்கைப் பற்றி அவருக்கே விளக்கம் சொன்னாள். அந்த மனிதர் மீட்டரைப் பார்க்காமலேயே படியிறங்கிப் போய்விட்டார். இதையெல்லாம் கேலி செய்வது நாத்தனார் என்ற முறையில் என் பிறப்புரிமை. அதை நான் ஒரு நாளும் விட்டுக்கொடுத்ததில்லை.

அண்ணிக்கு ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் வேலை. கட்டடத்தின் அடித்தளத்தில் ஜன்னலே இல்லாத நீளமான கூடம். மேலே வார்டுகளிலிருந்து விரிப்புகளும் தலையணை உறைகளும் நோயாளிகளின் அங்கிகளும் தள்ளுவண்டிகளில் வந்து இறங்கியபடியே இருக்கும். ஒரு பக்கம் ஆளுயர மெஷின்கள் உருளும். மறுபக்கம் சூடான உருளைகளுக்கு நடுவே நுழைந்த விரிப்புகள் சுருக்கமில்லாமல் வெளியே வரும். அந்த இரைச்சலில் கத்தித்தான் பேச வேண்டும். அந்தப் பழக்கத்தில் அண்ணி வீட்டில் ரகசியம் பேசினால் மாடி வீட்டிலிருந்து பதில் வரும்.

வேலையில் சேர்ந்தபோது அவளுக்கு அழுக்குத் துணியைத் தரம் பிரித்துப் போடும் வேலை. மூக்கைப் பொத்திக்கொள்ளாமல் அதைச் செய்தவர்கள் குறைவு. இப்போது சுவரோரமாக அவளுக்கென்று ஒரு மேஜை உண்டு. மெஷினில் போட்டும் போகாத கறையெல்லாம் அந்த மேஜைக்கு வரும். வரிசையாகக் குப்பிகள், பஞ்சு, மெல்லிய பிரஷ், கீழே வைத்துக்கொள்ள ஒரு பழைய துண்டு. ரத்தத்துக்குப் பச்சைத் தண்ணீர். சுடுதண்ணீர் பட்டால் அது நூலோடு ஒட்டிக்கொள்ளும். துருவுக்கு எலுமிச்சை உப்பு. எண்ணெய்க்கு வேறு, மைக்கு வேறு. கறையோடு தன் மேஜையிலிருந்து திரும்பிப் போன துணி இல்லை என்று அவளே சொல்வாள். அதைச் சொல்லும்போது மட்டும் குரல் தணிந்துவிடும். பெருமையடிக்கிறாள் என்று யாராவது நினைத்துவிட்டால் என்ன செய்வது என்ற கூச்சம்.

எல்லாக் கறையையும் விரட்டுகிற அந்தக் கையிலேயே எங்கள் வீட்டு விரிப்பும் இருந்தது.

அது கெட்டியான பருத்தி விரிப்பு. உடம்பு பழுப்பு வெள்ளை, நாலு ஓரமும் நீலக் கரை. அம்மா தன் கல்யாணத்துக்காகத் தறிக்காரரிடம் சொல்லி நெய்து வாங்கியது. அடிதடியும் தீயும் தெருமுனைவரை வந்துவிட்ட அன்று அம்மா அதைத் தரையில் விரித்து, கைக்கு அகப்பட்டதையெல்லாம் நடுவில் போட்டு, முனைகளைச் சேர்த்து முடிந்தாள். அந்த மூட்டையும், அண்ணனும், அம்மா வயிற்றில் நானும்தான் அப்பா கரை சேர்த்த மொத்தச் சொத்து. ஆகவே நான் சொல்வதெல்லாம் கேட்ட கதைதான். ஆனால் கேட்டுக் கேட்டு, நானும் லாரியில் உட்கார்ந்து வந்ததுபோல் இடுப்பு வலிக்கும்.

கேட்ட கதைக்கெல்லாம் சாட்சி அந்த விரிப்பில் இருந்தது. ஒரு ஓரத்தில் கறுப்பாக, எங்களை ஏற்றி வந்த லாரியின் எண்ணெய். அதற்குச் சற்று மேலே அண்ணனின் ரத்தம். செருப்பில்லாமல் ஓடி வந்து கண்ணாடியை மிதித்துவிட்டானாம். நடுவில் வட்டமாகத் துரு. அதுதான் கதையில் எல்லோரும் சிரிக்கும் இடம். வீட்டைப் பூட்டிவிட்டுக் கிளம்பலாம் என்று பூட்டைக் கையில் எடுத்தவர்கள், அவசரத்தில் பூட்டையும் மூட்டைக்குள் போட்டுக்கொண்டு வீட்டை ஆவென்று திறந்து போட்டுவிட்டு வந்துவிட்டார்கள். படகில் உப்புத் தண்ணீர் பட்டு அந்தப் பூட்டு விட்டுப்போன அடையாளம்தான் அது. அதற்கு அடுத்து, இறங்கிய கரையில் யாரோ ஒரு அம்மாள் கொடுத்த டீ. அம்மாவுக்குக் கை நடுங்கியதில் பாதி விரிப்பில் போய்விட்டது. கடைசியாக, மூலையில், அப்பாவின் கட்டைவிரல். அகதிகளைப் பதிவு செய்யும் இடத்தில் இருந்த ஆள், இவருக்குக் கையெழுத்துப் போடத் தெரியுமா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. பிடித்து மையில் அழுத்தி, தாளில் அழுத்தி, அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார். எட்டு ஊருக்குக் கடிதம் எழுதிக் கொடுத்த மனிதர், அந்த விரலை எங்கே துடைப்பது என்று தெரியாமல் மூட்டையின் மூலையில் துடைத்துக்கொண்டார். இந்த இடத்தை அப்பா சிரித்துக்கொண்டேதான் சொல்வார். கேட்கிற எங்களுக்குத்தான் எங்கே பார்ப்பது என்று தெரியாது.

அப்பா பஸ் பணிமனையில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் குடும்பத்துக்குள் புதிதாக ஒருவர் வருகிறார் என்றால், அது மருமகளோ மருமகனோ, அவர் அந்த விரிப்பை விரித்துவிடுவார். லாரி எண்ணெயில் விரலை வைத்து, அங்கிருந்து ஒவ்வொன்றாக நகர்த்தி, கட்டைவிரலில் கொண்டுபோய் முடிப்பார். "அவ்வளவுதான். இதுதான் நாங்க. இனிமே உங்க இஷ்டம்" என்பார். என் வீட்டுக்காரர் அந்தக் கதையைக் கேட்டுவிட்டு, அப்படியும் என்னைக் கட்டிக்கொண்டார், தைரியசாலி.

அண்ணியைப் பெண் பார்த்த சமயத்தில் அவளுக்கும் சொன்னார். அவள் முழுக்கதையையும் கேட்டுவிட்டு, குனிந்து துருவை நகத்தால் தொட்டுப் பார்த்து, "இது எலுமிச்சை உப்புக்கே போயிடும் மாமா" என்றாளாம். அம்மா சிரித்த சிரிப்பில் புரையேறிவிட்டது. "ஏம்மா, முதல்ல கல்யாணம் ஆகட்டுமே" என்றார் அப்பா. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் எலுமிச்சை உப்பு என்றாலே அண்ணிதான்.

ஆனாலும் அம்மா படுத்த படுக்கையாகிக் கண்ணை மூடுவதற்கு முன்னால், விரிப்பை அண்ணி கையில்தான் கொடுத்தாள். பெற்ற பெண் நான் குத்துக்கல் மாதிரி பக்கத்தில்தான் நின்றேன். எனக்கு வருத்தமில்லை என்று சொன்னால் பொய். அண்ணி அதைக் கண்ணாகப் பார்த்துக்கொண்டாள் என்பதையும் நான்தான் சொல்ல வேண்டும். வெயில் படாமல் நிழலில் காற்றாட விடுவாள். ஒரே மடிப்பில் வைத்தால் நூல் இற்றுவிடும் என்று ஒவ்வொரு முறையும் இடம் மாற்றி மடிப்பாள். தண்ணீர் காட்டவே மாட்டாள். ஊரார் சட்டைக் கறையைப் பார்த்தாலே கை பரபரக்கிறவள் அதை மட்டும் தொடாமல் வைத்திருந்தாள்.

பிறகு அண்ணன் மகளுக்கு வரன் அமைந்தது. அமைந்தது என்ன, அவளே பார்த்து வைத்திருந்தாள். அவள் கணக்கு பார்க்கும் ஆபீசிலேயே பையனும் வேலை செய்கிறான். நல்ல பையன், அதிகம் பேசாத ஆள். அவன் அம்மா கல்லூரியில் பாடம் நடத்தியவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அம்மாவும் மகனும் எங்கள் வீட்டுக்கு வருவதாகப் பேச்சு. முந்தின நாளே நானும் ஊரிலிருந்து வந்துவிட்டேன்.

அந்த வாரம் அண்ணி சமையலறையில் இருந்தபோது, மகள் கூடத்தில் ஃபோனில் பேசியது காதில் விழுந்திருக்கிறது. "அம்மா ஆஸ்பத்திரியில நிர்வாகத்துல இருக்காங்க ஆன்ட்டி" என்றாளாம். அண்ணி அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். நானாக இருந்தால் அங்கேயே ஃபோனைப் பிடுங்கி, எந்த நிர்வாகம் என்று விளக்கியிருப்பேன். அண்ணி கையிலிருந்த பாத்திரத்தை இன்னொரு முறை தேய்த்துக் கழுவினாள். அவ்வளவுதான்.

மகள் ஃபோனை வைத்துவிட்டு உள்ளே வந்தாள். "அம்மா, தாத்தா அந்த அழுக்குத் துணிய எடுத்து விரிச்சிடப் போறார். அவங்க வீடு எப்படி இருக்கும் தெரியுமா? தரையில முகம் பாக்கலாம். கொஞ்சம் பாத்துக்கோங்கம்மா, எனக்கு மானமே போயிடும்."

"தாத்தா விரிக்காம இருப்பாராடி? நல்ல சட்டைய எடுத்து இஸ்திரி போடச் சொல்லிட்டார்."

"அப்ப நீங்கதான் ஏதாவது பண்ணுங்க" என்று அந்தப் பெண் போய்விட்டாள். சின்னப் பெண், தலைகால் புரியாத சந்தோஷத்தில் இருந்தாள். இருந்தாலும் ஓங்கி ஒன்று வைக்கத் தோன்றுகிறது.

வெள்ளிக்கிழமை அண்ணி விரிப்பைப் பையில் போட்டு ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போனாள். கறையை எடுக்க வேண்டும் என்றில்லை, கொஞ்சம் மங்க வைத்தால் போதும் என்றுதான் நினைத்தாளாம். மகள் பார்த்துக் கூசாத அளவுக்கு. அவளுடைய தொழிலைச் சொல்லக் கூசிய மகள், அவள் கைபட்ட துணியைப் பார்த்தாவது கூசாமல் இருக்கட்டும் என்று. இதையெல்லாம் அவள் என்னிடம் சொன்னது எல்லாம் முடிந்த பிறகுதான்.

சாப்பாட்டு நேரத்தில் மற்றவர்கள் எழுந்து போனதும் விரிப்பை மேஜையில் போட்டு, டீக்கறையிலிருந்து ஆரம்பித்தாள். இத்தனை வருடத்துக் கறை எங்கே போகப்போகிறது, கொஞ்சம் வெளிறும் என்று கணக்குப் போட்டாள். அது கையில் ஒட்டிக்கொள்கிற மாதிரி வந்துவிட்டது. போன இடம் பளீரென்று ஒரு தட்டு அளவுக்குத் தெரிந்தது. பழைய துணியில் ஒரு இடத்தை மட்டும் வெளுக்கக் கூடாது என்பது அவர்கள் தொழிலில் முதல் நாள் பாடம். அந்த ஒரு இடம் விளக்குப் போட்டதுபோல் ஆகி, சுற்றியிருப்பதெல்லாம் அழுக்காகத் தெரியும். புதிதாக வந்தவர்கள் செய்கிற தப்பு அது. புதிதாக வந்தவர்களைத் திட்டுகிறவள் அன்றைக்கு அதைச் செய்துவிட்டு, தட்டு அளவு வெள்ளையைப் பார்த்தபடி நின்றாள்.

அதற்குப் பிறகு வேறு வழி இல்லை. முழு விரிப்பையும் தொட்டியில் ஊறப் போட்டாள். பழுப்பு இறங்கியதும் மற்ற கறைகள் முன்னைவிடக் கறுப்பாக எழும்பின. எண்ணெயை எடுத்தாள். ரத்தத்தை எடுத்தாள். துருவுக்கு எலுமிச்சை உப்பைப் போட்டபோது சிரிப்பு வந்ததாம், அம்மாவை நினைத்து. மூலையில் மை மட்டும் மிஞ்சியது. அதை விட்டுவிடலாம் என்று கையை எடுத்துக்கொண்டாள். ஆனால் அத்தனை வெள்ளைக்கு நடுவில் அது அப்பாவின் விரலாகத் தெரியவில்லை. யாரோ தெரியாமல் கையை வைத்துவிட்ட மாதிரி இருந்தது. சாயங்காலம் வேலை முடிந்து கிளம்பிய மெஷின்காரர் எட்டிப் பார்த்து, "அக்கா, எல்லாம் எடுத்துட்டு இதை மட்டும் ஏன் விட்டீங்க? கண்ணுல உறுத்துதே" என்றார். பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்தாள்.

"போனதும் எனக்குச் சந்தோஷமாதான் இருந்துச்சு" என்றாள் அண்ணி என்னிடம். "அவ்வளவு பழைய மை. யாராலயும் எடுத்திருக்க முடியாது. நான் எடுத்துட்டேன்னு அந்த நிமிஷம் சந்தோஷமா இருந்துச்சு." இதைச் சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

இங்கே அப்பாவைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். கொஞ்ச காலமாகவே அவருக்குச் சின்னச் சின்ன மறதி. மூக்குக் கண்ணாடியைக் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைப்பார். டீயில் உப்பைப் போடுவார். ஒரு நாள் குழாயைத் திறந்துவிட்டு மறந்து, கூடம்வரை தண்ணீர். ஒவ்வொரு முறையும் அவர் முகம் சுண்டிப்போகும். அதைப் பார்க்கப் பொறுக்காமல் அண்ணி உடனே, "நான்தான் மாமா டப்பாவ மாத்தி வச்சுட்டேன்", "நான்தான் மாமா குழாயத் தெறந்தேன்" என்று பழியைத் தூக்கித் தன் தலையில் போட்டுக்கொள்வாள். அவர் நம்பியதாக நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். கதையைப் பொறுத்தவரை யாருக்கும் சந்தேகம் இல்லை. கேட்பவர் முகத்தைப் பார்த்துக்கொண்டேதான் சொல்வார். துணியைப் பார்க்கவே மாட்டார். அவருக்குப் பதில் அந்த விரல் கறைகளைப் பார்த்துக்கொண்டிருந்தது என்பது எங்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை.

ஞாயிறு காலையில் அப்பாவிடம் சொல்லிவிட வேண்டும் என்றுதான் அண்ணி இருந்தாள். ஆனால் அவர் விடிந்ததிலிருந்து குளித்து, சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டையில் மாப்பிள்ளை மாதிரி நடமாடிக்கொண்டிருந்தார். டீ கொடுக்கப் போனவள் டீயைக் கொடுத்துவிட்டுத் திரும்பிவிட்டாள்.

பையனும் அவன் அம்மாவும் சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டார்கள். அந்த அம்மா நாங்கள் பயந்த மாதிரி இல்லை. செருப்பை வரிசையாக விட்டு, சோபாவில் நுனியில் உட்காராமல் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். பிஸ்கட்டை டீயில் தோய்த்துச் சாப்பிட்டார். எனக்கு அங்கேயே பிடித்துப்போயிற்று. பேச்சு சுமுகமாகப் போய்க்கொண்டிருக்கும்போது அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு, "அம்மாடி, அத எடுத்துட்டு வா" என்றார்.

அண்ணி எடுத்து வந்தாள். கூடத்தின் நடுவே அண்ணனும் நானும் ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்து விரித்தோம். வெள்ளை வெளேரென்று விரிந்தது. நான் இழுத்த கையோடு அப்படியே நின்றுவிட்டேன். அண்ணன் வாயைத் திறந்தான். அண்ணியின் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டான்.

"எவ்வளவு சுத்தமா வச்சிருக்கீங்க! புதுசு மாதிரியே இருக்கு" என்றார் பையனின் அம்மா, மனசாரத்தான்.

அப்பா மண்டிபோட்டு உட்கார்ந்தார். விரல் வழக்கமான ஓரத்துக்குப் போனது. "இங்கதான்..." என்றார். விரல் அங்கேயே கொஞ்சம் தடவியது. பிறகு, திருப்பி விரித்திருக்கிறோம் என்று நினைத்தாரோ என்னவோ, தவழ்ந்து எதிர் ஓரத்துக்குப் போனார். அங்கும் தடவினார். "லாரி. லாரியில ஏறினோம். அப்புறம்... பூட்டு. இல்ல, பூட்டு அப்புறம். அதுக்கு முன்னாடி ஒண்ணு..." அண்ணனைப் பார்த்தார். "உனக்குத்தானேடா என்னமோ ஆச்சு?"

"கால்ல கண்ணாடிப்பா" என்றான் அண்ணன்.

"ஆமாம். கண்ணாடி." தலையாட்டினார். விரல் நடுவுக்கு வந்தது, நின்றது. கூடத்தில் எல்லோரும் அந்த விரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். அப்பா துணியைத் தூக்கி அடியில் பார்த்தார். அப்புறம் மெதுவாகக் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "மன்னிச்சுக்கோங்க. நல்லா சொல்லுவேன். எல்லாரும் சிரிப்பாங்க. என்னமோ இன்னிக்கு..." என்று அந்த அம்மாவிடம் சொன்னபோது, பரீட்சையில் தோற்றுவிட்டு வீட்டுக்கு வந்து நிற்கிற பிள்ளையின் முகம். நான் என் அப்பாவை அப்படிப் பார்த்ததில்லை. தரையில் புதைந்துவிடலாம் போலிருந்தது.

அண்ணி கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள். "மாமா, உங்களுக்கு ஒண்ணும் ஆகல. இதுல கறையெல்லாம் இருந்துச்சு. நான்தான் எடுத்தேன்." பிறகு அந்த அம்மாவின் பக்கம் திரும்பி, அடித்தளத்தில் பேசுகிற அதே குரலில் சொன்னாள்: "நான் நிர்வாகத்துல இல்லீங்க. ஆஸ்பத்திரியில துணி வெளுக்கிறேன். கறை எடுக்கிறதுதான் எனக்குத் தொழில். நீங்க வர்றீங்கன்னு இதையும் வெளுத்துட்டேன். அவருக்கு அதனாலதான் தடுமாறுது. தப்பு என்னோடது."

அண்ணன் மகள் தலையைத் தூக்கவே இல்லை. காது மடல் வரை சிவந்திருந்தது.

அப்பா அண்ணியை நிமிர்ந்து பார்த்தார். அவர் முகம் கொஞ்சம் கொஞ்சமாக இளகியது. கையை நீட்டி அவள் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"விடும்மா" என்றார். "எப்பவும் இதேதான். உப்பப் போட்டாலும் நான்தான்னு சொல்லுவ, குழாயத் தெறந்தாலும் நான்தான்னு சொல்லுவ. எனக்குத் தெரியாதுன்னா நெனச்ச?" அந்த அம்மாவிடம் திரும்பினார். "இந்தத் துணிக்குத் தண்ணி காட்டவே பயப்படுவாங்க என் மருமக. இவளா வெளுத்திருப்பா? துணி எப்பவும் இருக்கிற மாதிரிதான் இருக்கு, எனக்குத்தான் மறந்துபோச்சு. நான் தடுமாறினதும் எனக்குப் பதிலா அவ தலை குனியிறா. இவ வளத்த பொண்ணுதாங்க இது. இதுக்கு மேல எங்களப் பத்திச் சொல்ல ஒண்ணும் இல்ல."

"இல்ல மாமா, நெசமாவே நான்தான்" என்றாள் அண்ணி. "அப்பா, அண்ணி சொல்றது நெசம்தான்" என்று நானும் சொன்னேன். அண்ணனும் சொன்னான். நாங்கள் சொல்லச் சொல்ல அவர் சிரிப்பு பெரிதாகிக்கொண்டே போனது. "பாத்தீங்களா, எல்லாரும் சேந்துட்டாங்க" என்றார்.

பையனின் அம்மா எழுந்து வந்து அண்ணியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். அவர் கண் கலங்கியிருந்தது. "மாமனாருக்காக இப்படி ஒரு பழிய ஏத்துக்கிற மனசு யாருக்கு வரும்? வேலையில என்னங்க இருக்கு? எனக்கு இந்த வீடு பிடிச்சிருக்கு" என்றார். அந்தக் கைகளுக்குள் அண்ணியின் கைகள் ஸ்பிரிட்டிலும் சோப்பிலும் வெந்து தோலுரிந்து கிடந்தன. சம்பந்தம் அந்த இடத்திலேயே முடிவாயிற்று.

அவர்கள் போனதும் மகள் சமையலறைக்குள் போய் அண்ணியைக் கட்டிக்கொண்டு அழுதாள். அண்ணி அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் அந்தப் பெண்ணுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அந்த வாரம் முழுக்க அண்ணி அப்பாவை நம்ப வைக்கப் பாடுபட்டாள். குப்பிகளை வீட்டுக்கே கொண்டு வந்து, பழைய துணியில் மையைத் தடவி, எடுத்துக் காட்டினாள். "கெட்டிக்காரி" என்றார் அப்பா. பழைய படங்களைத் தேடினாள். எங்கள் ஆட்கள் துணியையா படமெடுப்பார்கள்? அதைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் முகங்களைத்தான் எடுத்திருந்தார்கள். ஒரே ஒரு படத்தில், அம்மாவின் முழங்காலுக்குக் கீழே, துருவின் பாதி தெரிந்தது. அண்ணி அதை ஓடிப்போய்க் காட்டினாள். அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "இதுல உங்க அத்தை எவ்வளவு லட்சணமா இருக்கா பாரு" என்றார்.

துரு இருந்த இடத்தில் துருவும், டீ இருந்த இடத்தில் டீயும் வைத்துவிடலாமா என்றுகூட அண்ணி என்னிடம் கேட்டாள். எல்லாம் எப்படி வரும் என்று அவளுக்குத் தெரியும். "அந்த விரல யார் வைப்பாங்க அண்ணி?" என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம். என் வாய் அப்படி.

அதற்குள் பையனின் அம்மா தங்கள் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் இதைச் சொல்லிவிட்டார். நிச்சயத்துக்கு வந்தவர்கள் ஒவ்வொருவராக அண்ணியிடம் வந்து, "நீங்கதானா அது?" என்று கையைப் பிடித்தார்கள். அண்ணி அந்தப் பாராட்டையெல்லாம் நின்று வாங்கிக்கொண்டாள். முதல் இரண்டு பேரிடம் "இல்லீங்க, நான் நெசமாவே..." என்று ஆரம்பித்தாள். "பாருங்க, இப்பவும் விட்டுக்கொடுக்க மாட்டேங்கிறாங்க" என்று அவர்கள் இன்னும் உருகினார்கள். பிறகு வெறுமனே தலையை ஆட்டினாள். யார் சட்டையையும் அன்று அவள் பார்க்கவில்லை.

நிச்சயம் முடிந்த மறுநாள் காலை, நான் ஊருக்குக் கிளம்பப் பெட்டியை அடுக்கிக்கொண்டிருந்தேன். அண்ணி அலமாரிக்கு முன்னால் துணி மடித்துக்கொண்டிருந்தாள். அப்பா வாசலில் வந்து நின்றார். என்னைப் பார்த்தும் பார்க்காததுபோல் அண்ணியிடம், "அம்மாடி, ஒண்ணு கேப்பேன், செய்வியா?" என்றார்.

"சொல்லுங்க மாமா."

"இனிமே யார் வந்தாலும் அந்த விரிப்ப எடுக்காத. நானே கேட்டாலும், காணலன்னு சொல்லிடு." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நான் மறந்துட்டு அவமானப்பட்டா பரவாயில்ல, வயசாச்சு. எனக்காக நீ நாலு பேர் முன்னாடி பொய் சொல்லித் தலை குனிஞ்சு நிக்கிறத என்னால பாக்க முடியல."

அண்ணியின் கையில் மடித்துக்கொண்டிருந்த துணி பாதியில் நின்றது. என்னைப் பார்த்தாள். நான் பெட்டியைப் பார்த்தேன்.

"சரி மாமா" என்றாள்.